கசாயமும் கீமோவும்: மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டு வைத்தியம் செய்பவர்கள் அறிய வேண்டியவை

எனது இடது மார்புக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது. 2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் செல் துண்டு பட்ட இடம் அது. துண்டு முழுவதும் எடுபடவில்லை. சிறிய ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது. மாரி காலத்தில் உளையும்.

2018இல் ஒருநாள் கிணற்றடியில் குளிக்கும்போது அதே மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நான் பயப்படவில்லை. பழைய துண்டுதான் இறங்கி வந்திருக்கிறது என்று நினைத்தேன். நோவும் இருக்கவில்லை. நோவில்லாத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போவதா என்று இருந்துவிட்டேன். கணவர் இல்லாத வீடு. உழைப்பது நான் மட்டும்தான்.

பிறகு மச்சாளுக்குத் தெரியவந்து, அவர் என்னை ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனார். அவர் கட்டியைத் தொட்டும் பார்க்கவில்லை. நாடி பார்த்தார்.

"பிள்ளை, உது வாய்வுக் கட்டி. பயப்பிடாதை. ஆனால் கத்தி மட்டும் வைச்சிடாதை, வைச்சால் உடம்பெல்லாம் பரவும்" என்றார்.

காலையும் மாலையும் கசாயம், மேலுக்குப் பூச்சு, மீன், முட்டை, இறைச்சி இல்லாத 48 நாள் பத்தியம். ஒன்று முடிய இன்னொன்று. இப்படி ஐந்து மாதங்கள் போயின. புளியங்கொட்டை தேசிக்காய் அளவானது. அதன் மேலிருந்த தோல் தோடம்பழத் தோலைப்போல் குழிகுழியாக மாறியது. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த மருத்துவமாதுவிடம் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தார். "அக்கா, நாளைக்கு இல்லை. இண்டைக்கே வெளிக்கிடுங்கோ" என்றார்.

அன்று வெளிக்கிட்டதால்தான் இன்று இதை எழுதுகிறேன். நாட்டு வைத்தியத்தைப் பழிப்பதற்காக எழுதவில்லை. சித்த வைத்தியம் எங்கள் வீடுகளில் வளர்ந்தது. வன்னியில் மருந்துத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் எங்களைத் தாங்கியதும் அதுதான். வைத்தியசாலையில் நான் சந்தித்த பெண்களில் அநேகமானோர் ஏதோவொரு நாட்டு மருந்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வைத்தியர்களிடம் அதைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. இரண்டு வைத்தியத்தையும் சேர்த்துச் செய்யலாமா, எதைச் சேர்க்கலாம், எது ஆபத்து என்பதை என் அனுபவத்தோடும், பின்னர் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றோடும் சொல்கிறேன்.

கத்தி வைத்தால் பரவுமா?

இலங்கைப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. ஆனால் எங்கள் ஊர்களில் பல பெண்களை வீட்டுக்குள் வைத்திருப்பது "கத்தி பட்டால் பரவும்" என்ற அந்த ஒரு வசனம்.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை எனக்கு விளக்கியவர் ஒரு தாதி. முன்பெல்லாம் எங்கள் சனம் கட்டி முற்றிப் புண்ணான பின்னர்தான் வைத்தியசாலைக்குப் போனது. அப்போது நோய் ஏற்கெனவே ஈரலுக்கும் எலும்புக்கும் போயிருக்கும். சத்திரசிகிச்சை முடிந்து சில மாதங்களில் ஆள் இறந்தால், பார்த்தவர்கள் கத்தியைக் குற்றம் சொன்னார்கள். உண்மையில் பரவ வைத்தது தாமதம்.

கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதை பயொப்சி என்கிறார்கள். அது இல்லாமல் எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று தீர்மானிக்க முடியாது. மார்பகப் புற்றுநோய் எல்லாம் ஒரே நோய் அல்ல. சில கட்டிகள் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோனை உணவாக வைத்து வளர்பவை. அவற்றுக்குத் தமொக்சிபென் போன்ற குளிசைகள் உண்டு. சிலவற்றில் ஹேர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும். அதற்கென்று தனி ஊசி உண்டு. இரண்டும் இல்லாதவற்றுக்குப் பெரும்பாலும் கீமோதான் துணை. நாடி பார்த்தோ கையால் தொட்டோ இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எந்த வைத்தியராலும் முடியாது.

எனக்கு முதலில் கீமோ தந்து கட்டியைச் சுருக்கினார்கள். பிறகு சத்திரசிகிச்சை, அதன் பிறகு வாரத்தில் ஐந்து நாட்கள் கதிர்ச்சிகிச்சை. கிளிநொச்சியிலிருந்து தினமும் தெல்லிப்பழைக்குப் போய்வர முடியாமல் சுன்னாகத்தில் உறவினர் வீட்டில் தங்கினேன். இப்போது தமொக்சிபென் குடிக்கிறேன்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதலாவது, உடலின் வேறு பாகங்களுக்குப் பரவாத புற்றுநோயுடன் இருந்தும் வைத்தியசாலைச் சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரைப் பற்றியது. வழமையான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடும்போது இவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயாளரை மட்டும் எடுத்தால் அது ஐந்தரை மடங்கையும் தாண்டியது.

இரண்டாவது ஆய்வு எங்களைப் போன்றவர்களைப் பற்றியது. இவர்கள் வைத்தியசாலைச் சிகிச்சையில் ஏதாவது ஒன்றையாவது பெற்றுக்கொண்டு, மாற்று வைத்தியத்தையும் சேர்த்துச் செய்தவர்கள். 258 பேர். இவர்கள் இறக்கும் ஆபத்தும் மற்றவர்களைவிட இரண்டு மடங்காக இருந்தது. ஏன் என்று பார்த்தபோதுதான் விடயம் தெரிந்தது. இவர்களில் பலர் ஏதோவொரு சிகிச்சையை இடையில் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஓமோன் சிகிச்சையை மறுத்தவர்கள் 100க்கு 34 பேர். மற்றவர்களில் அது 100க்கு 3 பேர் மட்டுமே. கதிர்ச்சிகிச்சையை மறுத்தவர்கள் பாதிக்கும் மேல். இந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, இரண்டு பகுதியினருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் இல்லாமல் போனது.

அதாவது, பக்கத்தில் வைத்துக்கொண்ட மாற்று வைத்தியத்தைவிட, அதை நம்பிக் கைவிட்ட சிகிச்சைதான் ஆட்களைக் கொன்றிருக்கிறது. எனது ஐந்து மாதங்களை நினைக்கும்போது இந்தக் கணக்கு எனக்கு நன்றாக விளங்குகிறது.

பட்டிப்பூவின் கதை

"கீமோ நஞ்சு, மூலிகை இயற்கை" என்று சொல்பவர்களுக்கு நான் பட்டிப்பூவைக் காட்டுவேன். எங்கள் முற்றங்களிலும் கல்லறைகளைச் சுற்றியும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும் அதே செடிதான். நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள்.

ஜமேய்க்காவில் நீரிழிவுக்கு இதன் இலையை அவித்துக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1950களில் கனடாவில் றொபேட் நோபிள், சார்ள்ஸ் பீர் என்ற இருவர் அந்த இலையை ஆராய்ந்தார்கள். இரத்தத்தில் சீனி குறையவில்லை. ஆனால் வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. அப்படியானால் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவலாம் என்று யோசித்தார்கள். அதிலிருந்து வின்பிளாஸ்டின் வந்தது. அதே செடியிலிருந்து, பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின் வந்தது. முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் வினோரெல்பின் மருந்தின் மூலமும் பட்டிப்பூதான். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகப் பயன்படும் பக்ளிடக்செல் என்ற கீமோ மருந்து முதலில் ஒரு மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது.

ஆகவே வைத்தியசாலை மூலிகைக்கு எதிரி அல்ல. எந்தப் பொருள் வேலை செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் நோயைக் கொல்லும், எவ்வளவு கூடினால் ஆளைக் கொல்லும் என்று அளந்து பார்த்த பின்னர் கொடுப்பதுதான் வித்தியாசம். அதனால்தான் பட்டிப்பூ இலையை வீட்டில் அவித்துக் குடிக்கக்கூடாது. அதில் மருந்தும் நஞ்சும் ஒன்றுதான். அளவு கிடையாது.

எவை மோதும்?

இரண்டாவது கீமோவின்போது நான் இரகசியமாகக் கசாயம் குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் ஏறியிருந்தன. கீமோவைத் தள்ளிவைத்தார்கள். வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, நான் ஏச மாட்டன். வேற என்ன மருந்து எடுக்கிறீங்கள்? ஒளிக்காமல் சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். நிறுத்தச் சொன்னார். இரண்டு கிழமையில் அளவுகள் இறங்கின. கசாயம்தான் காரணமா என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும்தான். அதே நேரத்தில் அவற்றின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது புத்தியல்ல.

அதற்குப் பின் நான் அறிந்துகொண்ட வேறு சில:

மஞ்சள். கறிக்குப் போடும் மஞ்சளால் பயமில்லை. போத்தலில் விற்கும் மஞ்சள் மாத்திரைதான் பிரச்சினை. தமொக்சிபென் உடலுக்குள் போய் என்டொக்சிபென் என்ற பொருளாக மாறித்தான் வேலை செய்கிறது. நெதர்லாந்தில் 2019இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மஞ்சள் சத்து மாத்திரையை மிளகுச் சத்தோடு சேர்த்து எடுத்த பெண்களின் இரத்தத்தில் அந்தப் பொருள் ஏறக்குறைய 12 வீதம் குறைந்திருந்தது.

மெழுகு, பஸ்பம், செந்தூரம். சித்த வைத்தியத்தில் புற்றுக்குக் கொடுக்கப்படும் இரசகந்தி மெழுகு போன்றவற்றில் பாதரசம் சேர்கிறது. பெயர் தெரியாத மருந்தைக் கீமோ நேரத்தில் ஒருபோதும் உட்கொள்ளக்கூடாது.

விற்றமின் மாத்திரைகள். வெளிநாட்டிலிருந்து உறவுகள் அன்போடு அனுப்புபவை. அமெரிக்காவில் 1,134 நோயாளரை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், கீமோவுக்கு முன்னரும் கீமோ காலத்திலும் விற்றமின் ஏ, சி, ஈ போன்றவற்றை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. இது முடிந்த முடிவல்ல. ஆனாலும் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பதற்கு அது போதும்.

முள்ளு அன்னமுன்னா. சிங்களத்தில் கட்டு அனோதா. "கீமோவைவிடப் பல ஆயிரம் மடங்கு சக்தி" என்று தொலைபேசியில் வந்து சேராத வீடில்லை. ஆய்வுகூடக் குப்பியில் கலங்களைக் கொல்வது வேறு. மனித உடலில் நோயைக் குணமாக்குவது வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 1999இலேயே எழுதியிருக்கிறார்கள். எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதைச் சொல்லவில்லை. இலையை நாள்தோறும் அவித்துக் குடிப்பதைச் சொல்கிறேன்.

பத்தியம். எங்கள் வீடுகளில் அதிகம் கேடு செய்வது இதுதான். கீமோ எடுக்கும் உடம்புக்குப் புரதம் வேண்டும். மீனையும் முட்டையையும் மறித்தால் ஆள் மெலிந்து, இரத்தம் குறைந்து, அடுத்த கீமோ தள்ளிப்போகும். நன்றாக வெந்த மீன், அவித்த முட்டை, பருப்பு, பயறு, முருங்கையிலை எல்லாம் சாப்பிடலாம். பச்சையாக அரைத்த இலைச்சாறுகளைத் தவிர்க்க வேண்டும். வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கழுவியும் போகாத கிருமி போதும், ஆளை விழுத்த. அந்த நாட்களில் 38 பாகைக்குக் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்துக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

எவை கைகொடுக்கும்?

நோயைக் குணமாக்க வைத்தியசாலை. நோயையும் சிகிச்சையையும் தாங்க மற்றவை. இப்படிப் பிரித்துக்கொண்டால் மாற்று வைத்தியத்துக்கு நல்ல இடம் இருக்கிறது. ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவத்துக்கான சர்வதேசச் சங்கமொன்று 2017இல் மார்பகப் புற்றுநோயாளருக்கான வழிகாட்டியை வெளியிட்டது. அடுத்த வருடம் அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர்களின் சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தியானம், யோகாசனம், இசை என்பன உதவும் என்கிறது அது. கீமோவால் வரும் ஓங்காளத்துக்கு அக்குபங்சரும், கையால் அழுத்தும் முறையும் துணை செய்யும் என்கிறது. சிகிச்சையின் பக்கவிளைவுகளுக்கு வாயால் உட்கொள்ளும் சத்து மாத்திரைகள் எதற்கும் வலுவான ஆதாரம் இல்லை என்றும் அது சொல்கிறது.

அழுத்தும் முறையை எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா காட்டித் தந்தார். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, உட்புறத்தில் ஓடும் இரண்டு நாண்களுக்கு நடுவே பெருவிரலால் அழுத்த வேண்டும். வைத்தியசாலை தந்த சத்திக் குளிசையையும் போட்டேன், இதையும் செய்தேன். இஞ்சித் தேநீரும் அரிசிக் கஞ்சியும் வயிற்றில் நின்றன. களைப்புக்குப் படுக்கையைவிட நடை நல்லது என்று சொன்னார்கள். பின்னேரங்களில் ஒழுங்கை முனைவரை நடந்தேன்.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் கூடும். இயன்மருத்துவர் காட்டித்தரும் மெல்லிய தடவலும் பயிற்சியும்தான் சரி. கதிர்ச்சிகிச்சை நடக்கும் தோலில் எந்தப் பூச்சையும் கேட்காமல் பூசக்கூடாது.

சிகிச்சை நடுவில் கைதடியில் படித்துப் பதிவு பெற்ற ஒரு சித்த வைத்தியரிடமும் போனேன். எனது கிளினிக் கொப்பியை முழுக்க வாசித்தார். "கீமோ முடியும்வரை நான் உள்மருந்து தரமாட்டன். முடிச்சிட்டு வாங்கோ, நித்திரைக்கும் மூட்டு உளைவுக்கும் பாப்பம். அதையும் உங்கட டொக்டருக்குச் சொல்லவேணும்" என்றார். நல்ல சித்த வைத்தியரின் அடையாளம் அதுதான். ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, மருந்தின் பெயரை எழுதித் தருவாரா, வைத்தியசாலைச் சிகிச்சையை விடச் சொல்கிறாரா? இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு ஓம் என்று பதில் வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

எங்களுக்கென்று சில வார்த்தைகள்

போரில் காயப்பட்டவர்கள் உடம்பில் வரும் எந்தக் கட்டியையும் பழைய காயத்தின் கணக்கில் போடாதீர்கள். செல் துண்டு வருடங்கள் கழித்து வளராது. வளர்கிறதென்றால் அது வேறு.

உடம்பில் துண்டு இருப்பவர்கள் ஸ்கானுக்கு முன்னர் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். எக்ஸ்ரே, மமோகிராம், சி.ரி. ஸ்கான் ஆகியவற்றுக்கு அந்த ஆபத்து இல்லை. எப்படிக் காயம் பட்டது என்று சொல்லப் பயந்து மறைத்த பெண்களை எனக்குத் தெரியும். காயத்தின் கதையைச் சொல்ல வேண்டாம். "உள்ளே இரும்பு இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதும்.

வைத்தியசாலைப் படுக்கையும் மருந்து மணமும் 2009ஐ நினைவுபடுத்தும் என்று பலர் போவதில்லை. புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் செல் விழுந்த நாட்களைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். எனக்கும் முதல் இரவு நித்திரை வரவில்லை. தாதியிடம் சொன்னேன். கட்டிலை யன்னல் பக்கம் மாற்றித் தந்தார்.

இன்னொரு வைத்தியசாலையில் நாட்டு மருந்து குடித்ததாகச் சொன்ன ஒரு பெண்ணை எல்லோருக்கும் முன்னால் ஏசினார்களாம். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. மருந்தையும் நிறுத்தவில்லை. ஏச்சு கசாயத்தை நிறுத்தாது, கதையைத்தான் நிறுத்தும். வைத்தியர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.

வாசிக்கும் பெண்களுக்கு: மாதம் ஒருமுறை, மாதவிடாய் முடிந்து சில நாட்களில், உங்கள் மார்பை நீங்களே தடவிப் பாருங்கள். கட்டி, குழி, உள்ளிழுத்த முலைக்காம்பு, இரத்தக் கசிவு, தோடம்பழத் தோல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நோவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 35 வயதானவர்கள் உங்கள் பிரதேசத்து வெல்வுமன் கிளினிக்குக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை.

தமொக்சிபென் எடுப்பவர்கள் உடம்பு சுகமாக இருக்கிறது என்று இடையில் விடாதீர்கள். ஐந்து வருடம் ஒழுங்காக எடுத்தால், ஓமோனால் வளரும் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். எனக்கு ஐந்து வருடம் முடிந்தபோது, பத்து வரை நீட்டலாம் என்று வைத்தியர் சொன்னார். சரி என்றேன்.

எனது கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். வைத்தியசாலைக் குளிசை, சித்த வைத்தியர் தந்த எண்ணெய், அக்கா கனடாவிலிருந்து அனுப்பிய மாத்திரை என எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு கிளினிக்கிலும் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தியருக்கு முன்னால் வைப்பேன். சிலவற்றை அவர் வெட்டுவார், சிலவற்றை விடுவார். கனடா மாத்திரையை வெட்டிவிட்டார். எண்ணெயை விட்டிருக்கிறார்.